ஓடுற காலா? ஓட விட்ட தரையா?



வெற்றியைத் தீர்மானிப்பது திறமையா, களமா என்பது தலைப்பு. களமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாலே பேசின எதிரணி அண்ணாச்சி குதிரைப் பந்தயத்தைப் பிடிச்சுக்கிட்டார். "1974-லே தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1996-லே, குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம்தான்னு தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றமே திறமைன்னு சொல்லிட்டுது, பொறவு என்ன பட்டிமன்றம்?"னு கேட்டார்.

நடுவர் அய்யா, அண்ணாச்சி தீர்ப்பிலே பாதியைத்தான் படிச்சிருக்கார். (சிரிப்பு) பந்தய முடிவு எதையெல்லாம் பொறுத்ததுன்னு அதே தீர்ப்பு சொல்லுது. குதிரையின் தகுதி, ஜாக்கியின் திறமை, அதோட சுமக்கிற எடை, ஓட வேண்டிய தூரம். எடையும் தூரமும் குதிரை பிறக்கும்போது கூடப் பிறந்ததா? வெளியிலிருந்து வைக்கிறது. அதைத்தான் நாங்க களம்னு சொல்றோம்! (கைதட்டல்)

நான் ரேசுக்குப் போனவள் இல்லை. ஆனா நாஞ்சில் நாட்டுக்காரிக்குத் தரை தெரியும். எங்க பாட்டா மாடு பிடிக்கப் போனா, "ரோட்டிலே வண்டி இழுக்கதைப் பாத்து ஏமாறாதே, தொளியிலே இறக்கிப் பாரு"ன்னு சொல்லுவார். கன்னிப்பூவோ கும்பப்பூவோ, வயல்லே இறங்கினவனுக்குத் தெரியும், சேறு காலை எப்படிப் பிடிச்சு இழுக்கும்னு. சொத்தவிளை கடற்கரையிலே உலர்ந்த மணல்லே நூறு அடி ஓடிப் பாருங்க, மூச்சு வாங்கும். அலை நனைச்ச இறுகின மணல்லே ஓடுங்க, பறக்கலாம். கால் ஒண்ணுதான், தரைதான் வேற.

பந்தயக் குதிரை கிட்டத்தட்ட 450, 500 கிலோ. அது பாயும்போது ஒரு கணம் அத்தனை பாரமும் ஒத்தைக் காலிலே இறங்கும். உடம்பு எடையைப் போல ரெண்டு மடங்குக்கு மேலே அந்தக் குளம்பு தாங்கணும். தரை பொதபொதன்னு இருந்தா குளம்பு புதையும். உந்தின சக்தியைத் தரை விழுங்கிடும். கட்டாந்தரையா இருந்தா வேகம் வரும், கால் எலும்பு அதிரும். அதனாலேதான் பந்தய நாள்லே புல் தரையிலே ஒரு கம்பியை இறக்கி, எவ்வளவு ஆழம் போகுதுன்னு அளந்து சொல்றாங்க. பெனட்ரோமீட்டர்னு அதுக்குப் பேர். திறமை மட்டும் போதும்னா தரையை ஏன் அய்யா குத்திப் பார்க்கணும்? (கைதட்டல்)

அண்ணாச்சி அடுத்து அமெரிக்காவுக்குப் போனார். செக்ரடேரியட்! 1973 ஜூன் மாசம், பெல்மான்ட் மைதானம், ஒண்ணரை மைல், 2 நிமிஷம் 24 விநாடி. 31 குதிரை நீளம் முந்தி ஜெயிச்சுது. ஒத்துக்கிறேன். அந்தச் சாதனை இன்னிக்கும் நிக்குது. ஆனா அதே வருஷம் செப்டம்பர் மாசக் கதையை ஏன் சொல்லலை? அதே பெல்மான்ட், அதே ஒண்ணரை மைல். மழை பெஞ்சு களம் சகதி. அன்னிக்கு ஓட வேண்டியது அதே லாயத்துக் குதிரை ரிவா ரிட்ஜ். அதுக்குச் சகதி ஆகாதுன்னு அதை நிறுத்திட்டு, முழுசாத் தயாராகாத செக்ரடேரியட்டை இறக்கினாங்க. ப்ரூவ் அவுட்னு ஒரு குதிரை அதைத் தோக்கடிச்சுது! எந்தக் குதிரை ஓடணும்னு அன்னிக்கு முடிவு பண்ணினதே தரைதானே!

தரை ஒரு பாதி. ஓட்டத்தின் வேகக் கணக்கு இன்னொரு பாதி. ஜூன் மாசம் செக்ரடேரியட்டோட ஷாம்னு ஒரு குதிரை ஓடிச்சு. அதுக்கு முந்தின ரெண்டு பெரிய பந்தயத்திலேயும் ரெண்டாவதா வந்த கெட்டிக்காரக் குதிரை. இந்தத் தடவை ஆரம்பத்திலேயே தோளோடு தோள் போட்டி போட்டுது. என்ன ஆச்சு? அஞ்சு குதிரையிலே அஞ்சாவது. தன் வேகத்திலே ஓடாம அடுத்தவன் வேகத்திலே ஓடினா இதுதான் கதி.

அதே 1973-லே இங்கிலாந்திலே கிராண்ட் நேஷனல். கிரிஸ்ப்னு ஒரு குதிரை வேலியெல்லாம் தாண்டி வெகுதூரம் முன்னாலே போயிட்டுது. ஜெயிச்சாச்சுன்னே எல்லாரும் நினைச்சாங்க. கடைசி ஓட்டத்திலே கால் தள்ளாடுது. பின்னாலே வந்த ரெட் ரம் முக்கால் குதிரை நீளத்திலே முந்திட்டுது. கிரிஸ்ப் திறமை இல்லாததா? அது முதுகிலே ரெட் ரம்மை விட 23 பவுண்டு, பத்துக் கிலோவுக்கு மேலே, கூடுதல் பாரம்! கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் எடை வைக்கிறது ஹேண்டிகேப் முறை. பாரம் முடிவை மாத்தும்னு பந்தயக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு.

இன்னொரு சேதி. ஊட்டி ரேஸ் மைதானத்தை 2024-லே அரசு எடுத்துக்கிட்டுது. குதிரைக்கு நாலு காலும் இருக்கு, திறமையும் இருக்கு. களம்? (சிரிப்பு) இதைக் கேட்டுட்டு யாரும் தரைக் கணக்கு படிச்சுப் பணம் கட்டிடாதீங்க. சாயங்காலம் ஒரு மழை பெஞ்சா உங்க கணக்கும் சம்பளக் கவரும் சேர்ந்து கரைஞ்சிடும்!

நடுவர் அய்யா, நான் ஏன் இதுக்கு இவ்வளவு வாதாடுறேன்? நான் ஒரு ஆசிரியை. என் வகுப்பிலே ஒரு பிள்ளை. தினமும் தாமதமா வரும், முதல் பீரியடிலே தூங்கி வழியும். "மந்தம்"னு நாலு பேர் முன்னாலே சொன்னேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையைக் காட்டி, "அவளைப் பாரு"ன்னேன். ஒரு நாள் அவ அம்மை வந்தா. ரப்பர் வெட்டுற தொழிலாளி. விடியக்காலம் நாலு மணிக்குத் தோட்டத்திலே அம்மைக்கு விளக்குப் பிடிச்சுக் கொடுத்துட்டு, பஸ் பிடிச்சு வர்ற பிள்ளை அது. முதுகிலே இருந்த பாரத்தை நான் பார்க்கலை. தரையை நான் குத்திப் பார்க்கலை. மார்க்கை மட்டும் பார்த்தேன். அன்னிக்குத் தோத்தது அந்தப் பிள்ளை இல்லை அய்யா, நான். (நீண்ட கைதட்டல்)

அந்தப் பிள்ளையை முன் பீரியடிலே கேள்வி கேக்கதை நிறுத்தினேன். மத்தியானம் அரை மணி நேரம் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன். வருஷக் கடைசியிலே பாஸ் பண்ணிச்சு. முதல் மார்க் இல்லை; ஆனா அது ஓடின தரைக்கு, அதுதான் முதல் மார்க்.

எதிரணி கேக்கலாம்: "அந்தப் பிள்ளைக்குத் திறமை இருந்ததாலேதானே பாஸ் பண்ணிச்சு?" ஆமா, இருந்தது. களம் சகதியா இருந்தவரைக்கும் அந்தத் திறமை எங்கே போயிருந்தது? களத்தைக் கொஞ்சம் உலர்த்தினோம், குதிரை ஓடிச்சு.

தாய்மார்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையோட உங்க பிள்ளையை ஒப்பிடுறதுக்கு முன்னாலே, காலுக்குக் கீழே என்ன தரை, முதுகிலே என்ன பாரம்னு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. யாருடைய வேகத்திலேயோ ஓட விட்டு நடுவழியிலே மூச்சு முட்ட வைக்காதீங்க.

வெற்றியைத் தீர்மானிப்பது களமே, களமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அய்யாவைக் கேட்டு விடைபெறுகிறேன்.