பொறியியற் கல்லூரியைத் தேர்ந்துகொள்ளும் முறை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியின் பெருமையைக் குறித்துப் பேசும்படி நம் காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். அப்பெருமையை அறியாதார் இச்சபையில் ஒருவரும் இலர். ஆதலின் அதனை விடுத்து, இன்னும் சில வாரங்களில் உங்கள் இல்லங்களில் எழப்போகும் ஒரு கேள்வியைப் பற்றியே பேச உத்தரவு வேண்டுகிறேன். நான்கு வருஷத்துப் பொறியியற் படிப்புக்கு நம் பிள்ளையைத் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியிற் சேர்ப்பது என்பதே அக்கேள்வி.

முதலில் என் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2014-ஆம் ஆண்டில் என் தமையனாரின் மகன் பரீட்சை எழுதி முடித்தான். முடிவு வெளியாகும் முன்னரே உறவினர் ஒருவர் வந்து, "அரசாங்க ஒதுக்கீட்டில் உங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? இப்போதே பணம் கட்டினால் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறேன்" என்றார். தமையனார் மூன்று மா நன்செயை விற்றார். ஆடி மாதத்தில் பையன் கல்லூரிக்குப் போனான். அவன் பக்கத்தில் அதே வகுப்பில், அதே பெஞ்சியில் வந்து உட்கார்ந்தவன் எங்கள் எதிர் வீட்டுப் பிள்ளை. நம் சமூகமே, மதிப்பெண்ணோ இவனைவிடக் குறைவு. அவன் கலந்தாய்வின் வழியாக வந்தவன். வீட்டில் முதன் முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவன் என்ற சலுகையும் அவனுக்குக் கிடைத்தது. எங்கள் பையனும் முதற் பட்டதாரியே; ஆயினும் கலந்தாய்வில் வாராதவனுக்கு அச்சலுகை கிடையாது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம். நிலம் திரும்பி வரவில்லை.

இது பேராசையினால் நேர்ந்ததன்று. அறியாமையினாலும் அச்சத்தினாலும் நேர்ந்தது. ஆதலின் கலந்தாய்வின் முறையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

1997 முதல் ஒற்றைச் சாளர முறை நடந்து வருகிறது. நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. இப்போது கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 ஆக 200-க்குக் கட் ஆப் கணக்கிடுகின்றனர். சிறுபான்மையோருடையது அல்லாத தனியார் கல்லூரிகள் தம் இடங்களில் நூற்றுக்கு 65-ஐயும், சிறுபான்மையோர் கல்லூரிகள் 50-ஐயும் கலந்தாய்வுக்கு அளிக்கின்றன. அவ்விடங்களில் 69 சதவீத ஒதுக்கீடு நடைபெறுகிறது, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5. நம் பிள்ளைக்குப் பொதுத் தரவரிசை ஒன்றும் சமூகத் தரவரிசை ஒன்றும் உண்டு. பொது இடத்தைப் பெறும் உரிமையும் அவனுக்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆறாம் வகுப்பு முதல் அரசினர் பள்ளியிலேயே படித்தவர்க்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனியே உள்ளது. அவர்தம் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கிறது.

2018 முதல் எல்லாம் இணையத்தின் வழியே நடக்கிறது. விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாக எழுதித் தரவேண்டும். இவ்விடத்திலேதான் நம்மவர் பெரிதும் தடுமாறுகின்றனர். "கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடுமே" என்றஞ்சி, ஐந்தாறு பெயர்களை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகின்றனர். அவ்வச்சத்துக்குச் சிறிதும் ஆதாரமில்லை. பிள்ளையின் முறை வரும்போது அவன் எழுதிய வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாயிருக்கும் முதல் இடத்தையே அவனுக்கு அளிக்கின்றனர். மேலே எழுதியது கிடைக்காமற் போனால் கீழே எழுதியதற்கு ஒரு குறைவும் நேராது. கெடுதல் வருவது வரிசை சுருங்கியிருந்தால்தான். எழுதியவை யாவும் நிரம்பிவிட்டால் அச்சுற்றில் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே உள்ளபடி விரும்பும் வரிசையையே எழுதுங்கள், நீளமாக எழுதுங்கள். ஒதுக்கீடு வந்த பின் குறித்த நாளுக்குள் ஒப்புதல் தெரிவிக்க மறந்தால் கைக்கு வந்த இடமும் போய்விடும். அந்த நாட்களில் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வெளியூர் போகாதிருப்பது உத்தமம்.

இனி, எதை மேலே எழுதுவது? 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிக் கல்லூரியையும், 1945-இல் தோன்றிய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியையும், 1952-இல் காரைக்குடியில் தோன்றிய அழகப்பச் செட்டியார் கல்லூரியையும் நான் புகழ வேண்டுவதில்லை. கோவை பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் கல்லூரி போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே கல்லூரிக்குள் அரசாங்க உதவி பெறும் பிரிவு வேறு, சுயநிதிப் பிரிவு வேறு, கட்டணமும் வேறு. எழுதும்போது எது எதுவென்று பார்த்து எழுதுங்கள்.

தடுமாற்றமெல்லாம் நடுத்தரத்துக் கல்லூரிகளிலேதான். 400-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் கட்டடமும் பஸ்ஸும் விளம்பரப் பலகையும் இல்லாதது எது? அவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி ஒவ்வொன்றும், நான்கு வருஷத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர், காலத்தில் தேறியவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், அவர்களுள் நடுநிலையானவர் பெறும் சம்பளம் என்ன என்று எழுதித் தரவேண்டியிருக்கிறது. அதனைத் தன் இணையப் பக்கத்திலும் இடவேண்டும். பெரிய படத்தில் ஒரு மாணாக்கனுடைய பெரிய சம்பளத்தை அச்சிடும் கல்லூரியில் இந்த நடுநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள். தேசிய அங்கீகாரக் குழு பாடப்பிரிவு பாடப்பிரிவாகவே அங்கீகாரம் அளிக்கிறது. கல்லூரிக்கு உண்டு என்றால் நம் பிள்ளை சேரும் பிரிவுக்கும் உண்டு என்று பொருளாகாது. 2024-இல் நன்னிலையிலுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடந்தான் என்ற வரம்பு நீங்கியபின் கணினிப் பிரிவுகளில் இடம் மிகப் பெருகியது. அவ்வளவுக்கு ஆசிரியரும் பெருகினரா என்று, அங்கே மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளையை வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடையில் கண்டு கேளுங்கள். அவன் உண்மை சொல்வான்.

அடுத்து யான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம் சமூகத்தார் நடத்தும் கல்லூரி என்பதற்காகவே பிள்ளையை அங்கே சேர்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அபிமானம் நல்லதே, அதன் பொருட்டு நன்கொடை எழுதுங்கள், கட்டடம் கட்டிக் கொடுங்கள். ஆனால் பிள்ளையின் நான்கு வருஷத்தை நன்கொடையாக எழுதிவிடாதீர்கள். நம்மவர் கல்லூரியும் மற்றக் கல்லூரிகளைப்போல் மேற்சொன்ன கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லட்டும். சொன்னால் முதலில் எழுதுவோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு பெண் கிண்டியில் இடம் கிடைக்கத் தக்க மதிப்பெண் பெற்றாள். சென்னை தூரம், விடுதியில் எப்படி இருப்பாள் என்று, வீட்டு வாசலில் பஸ் வந்து நிற்கும் கல்லூரியிற் சேர்த்துவிட்டனர். அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற தம்பியை இவ்வருஷம் சென்னைக்கு அனுப்ப அதே வீட்டில் பெட்டி வாங்கியாயிற்று. விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்றிருந்தால் நான் ஒன்றும் சொல்லேன். அவர்கள் போய்ப் பார்க்கவேயில்லை. அரசினர் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022-இல் வந்ததைக்கூட அத்தாயாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாம் சங்கம் வைத்திருந்தும் சொல்லவில்லை.

பரீட்சை முடிவு வெளியான மறுநாள் முதல் பத்து நாட்களுக்கு, மாலை ஐந்து மணிக்குமேல், சங்கத்து வாசகசாலையில் நானும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் இருவரும் அமர்ந்திருப்போம். சென்ற மூன்று ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்தார்க்கு எந்தக் கட் ஆப் வரை இடம் கிடைத்தது என்னும் பட்டியல் எங்களிடம் இருக்கும். மதிப்பெண் சான்றையும் சாதிச் சான்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். வரிசையை அவன் கையாலேயே எழுதட்டும்.