பூவிருந்தவல்லியில் ஒரு முழம் பூ



நம் பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, தோட்டம் வைத்து, பூக்களைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குச் சுமந்துபோனார் என்பது ஊர் வழக்கு. பிறகு ஆங்கிலேயர் வந்து ராணுவ முகாம் அமைத்தனர், அவர்களும் போய்விட்டனர். கடைத்தெருவில் பூக்கூடை மட்டும் இன்னும் இருக்கிறது.

சென்ற திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்கு மாலை வாங்கப் போனேன். பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்தேன். "சாமி, விடியற்காலம் மூணு மணிக்குக் கோயம்பேடு போய் எடுத்த பூ" என்றார் அந்த அம்மா. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில், சந்தைவெளியில் மாலைவரை நின்றவருக்கும் நிலக்கிழார் முழுநாள் கூலியான ஒரு தெனாரியம் கொடுக்கிறார். அவர் பேரம் பேசவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்தார். நான் மாதாவுக்கு மாலை போட்டேன்; ஒரு தாயின் கூலியைக் குறைத்துத்தான் போட்டேன்.

அந்த ஐம்பது ரூபாயை இந்த வாரம் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். தெருவில் விற்பவர் கேட்கும் நியாயமான விலையை நீங்களும் கொடுத்துப் பாருங்கள். ஊரின் பெயர் அவர்களால்தான் நிலைத்தது. ஆமென்.