பேசும் பாவையும் பேசாத இதழும்

மேடையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் ஒரு மரப்பொம்மை. அவர் கேள்வி கேட்கிறார். பொம்மை கண்ணைச் சிமிட்டி விடை சொல்கிறது. சொல்வதோடு நில்லாமல் அவரையே எள்ளி நகையாடுகிறது. அவையோர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். பேசியது யார் என்பதை அறியாதவர் அந்த அவையில் ஒருவரும் இலர். எனினும் அனைவருடைய கண்ணும் பொம்மையின் வாயையே நாடுகின்றன. இக்கலையையும், இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட சிலரையும் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

இக்கலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், ‘வயிறு’, ‘பேசுதல்’ என்னும் பொருள்களுடைய இரண்டு இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. பண்டைக் கிரேக்க நாட்டில், தம் வயிற்றுக்குள் ஒரு தெய்வமோ ஆவியோ இருந்து பேசுகிறது என்று சொல்லிக் குறி உரைத்தவர்கள் இருந்தனர். பேசியவன் மறைந்து நின்றான். கேட்டவன் அஞ்சி நின்றான். பின்னர், நூற்றாண்டுகள் பல கடந்து, அச்சம் நீங்கி நகைச்சுவை பிறந்தது. 1896ஆம் ஆண்டில் இலண்டன் அரங்கொன்றில் பிரெட் ரஸ்ஸல் என்பவர் ஒரே ஒரு பொம்மையை மடியில் இருத்தி, இருவர் சொற்போராக இதை நடத்திக் காட்டினார். இக்காலப் பொம்மைப் பேச்சின் தந்தை என்று அவரைக் கூறுவர்.

குரலைத் தூர எறிகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். குரலை எவராலும் எறிய இயலாது. ஒலி வரும் இடத்தைக் கண்டறிவதில் நம் செவி கண்ணைச் சார்ந்திருக்கிறது. அசையும் வாய் எதுவோ, அதிலிருந்தே ஒலி வருகிறதென்று மனம் துணிந்துவிடுகிறது. டெண்டுக் கொட்டகையில் ஒலிபெருக்கி எங்கோ ஒரு மூலையில் இருக்க, திரையில் தோன்றும் நடிகரின் வாயிலிருந்தே வசனம் வருவதாக நாம் கேட்டோமல்லவா? அதுவே இது.

ஆகவே கலைஞர் செய்ய வேண்டுவது, தம் உதட்டை அடக்குவது. அது எளிதன்று. வீட்டில் கண்ணாடியின்முன் நின்று, பற்களை மெல்லச் சேர்த்து, இதழ்களைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு ‘நிலா’, ‘சங்கிலி’, ‘தண்ணீர்’ என்று சொல்லிப் பாருங்கள், தடையின்றி வரும். அடுத்து ‘மாம்பழம்’ என்று சொல்லுங்கள். உதடு உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பவை. வகரம் மேற்பல்லும் கீழிதழும் சேரப் பிறப்பது. உகரமும் ஒகரமும் இதழ் குவியப் பிறப்பவை. தொல்காப்பியர் வகுத்த பிறப்பியலைப் படித்தவர்க்கு இது புதிதன்று. பொம்மைக் கலைஞர் பகரத்துக்கு ஈடாக நாவைப் பல்லில் ஒற்றித் தகரம் போன்ற ஒலியையும், மகரத்துக்கு ஈடாக நகரம் போன்ற ஒலியையும் விரைவாக ஒலித்துவிடுகிறார். கேட்போர் தாம் எதிர்பார்த்த சொல்லையே செவியில் நிரப்பிக்கொள்கின்றனர்.

இதழ் ஒட்டாமற் பேசும் வித்தை நம் புலவர்களுக்கும் பழக்கமானதே. நிரோட்டம் என்பது தண்டியலங்காரம் கூறும் சொல்லணிகளுள் ஒன்று. நம் திருச்சிராப்பள்ளிச் சீமையை அடுத்த துறைமங்கலத்தைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட சிவப்பிரகாச சுவாமிகள், பதினேழாம் நூற்றாண்டில், திருச்செந்திலின்மீது இதழ் ஒட்டாததும் குவியாததுமாகிய ஓர் அந்தாதியையே பாடி முடித்தார். புலவர் இதழெழுத்தை விலக்கினார். பொம்மைக் கலைஞர் அவ்வெழுத்துக்கு வேறொன்றைப் பகரம் வைக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

ஆனால், இதழை அடக்குவதே இக்கலையின் உயிரா? அன்று என்று மெய்ப்பித்தது வானொலி. அமெரிக்க நாட்டில் எட்கர் பெர்கன் என்றொருவர் சார்லி மக்கார்த்தி என்னும் மரப்பொம்மையோடு 1937 முதல் 1956 வரை வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். உதடும் தெரியாது, பொம்மையும் தெரியாது. எனினும் ஒரு நாடே செவிசாய்த்தது. பெர்கனுடைய உதடு அசைவது பலரும் அறிந்த செய்தி. அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்ததும் சார்லியே! 1938இல் அவருக்குக் கிடைத்த சிறப்பு ஆஸ்கர் பரிசு, வாய் திறந்து மூடும் மரச்சிலையாகவே இருந்தது. நேயர்கள் விரும்பியது வாய் வித்தையை அன்று. துடுக்கும் குறும்பும் நிறைந்த சார்லி என்னும் பிள்ளையை. 1978இல், ஓய்வு பெறுவதாக அறிவித்த சில நாட்களுக்குள், எழுபத்தைந்தாம் வயதில் பெர்கன் மறைந்தார். சார்லி இன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துச் சொத்து.

நம் நாட்டில் இக்கலையின் முன்னோடி மும்பையைச் சேர்ந்த ஒய். கே. பாத்யே. அவர் உருவாக்கிய அர்தவட்ராவ் என்னும் பொம்மையை அவருடைய மகன் ராம்தாஸ் பாத்யே ஏற்றுப் பேச வைத்தார். ராம்தாஸ் பொறியியல் பயின்றவர். எங்கள் திருவெறும்பூரில் பொறியியல் என்றால் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன்களே நினைவுக்கு வரும். அவரோ அந்த அறிவைப் பொம்மையின் புருவத்தையும் கண்ணிமையையும் அசைக்கப் பயன்படுத்தினார். தொலைக்காட்சியில் அப்பளம் தின்று சிரித்த முயல், 1993இல் வெளிவந்த ‘ஜபாட்லேலா’ என்னும் மராத்தித் திரைப்படத்தில் வந்த தாத்யா விஞ்சு ஆகியவை அவர் கைவண்ணமே. மனைவியும் மகனும்கூட இக்கலையில் ஈடுபட்டிருக்கின்றனர். மூன்று தலைமுறைக்கு ஒரு பொம்மை குடும்பத்தின் மூத்த உறுப்பினராய் இருப்பது வியப்பன்றோ!

தமிழர்க்கு இதை நெருக்கமாக்கியது, 1977இல் பாலசந்தர் இயக்கிய ‘அவர்கள்’ திரைப்படம். அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம், தான் நேரே சொல்லத் துணியாத அன்பை ஜூனியர் என்னும் பொம்மையின் வாயிலாகச் சொல்கிறது. இதுவும் நமக்குப் பழையதே. தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், தெருக்கூத்தின் கட்டியங்காரனும், ஊரார் அடக்கி வைத்ததை வெளியே சொல்லிச் சிரிக்க வைத்தவர்களே.

இத்தொழிலின் அருமை எதில் இருக்கிறது? கலைஞர் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார், கைத்தட்டலோ பொம்மைக்கு. அறிவாளி பொம்மை, அசடு அதை ஏந்தியவர். தம் மடியில் இருப்பதை உயர்த்தித் தாம் தாழும் இந்தப் பண்பு, நல்லாசிரியர்க்கும் உரியது. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. அவர் ஒளிவதில்லை. பொம்மை எதைச் சொன்னாலும் அதற்குப் பொறுப்பாளர் பக்கத்திலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரிய, அமர்ந்திருக்கிறார்.

உள்ளத்தில் நாணமில்லாதவர் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்றார் வள்ளுவர். அவர் குறைகூறியது பாவையை அன்று, நாணற்ற மனிதரை. இன்று எவருடைய குரலையும் அப்படியே ஒலிக்கும் கணினிப் பொறிகள் வந்துவிட்டன. மகன் குரலில் பணம் கேட்டுத் தாயை ஏமாற்றுவோரும் இருக்கின்றனர். அங்கே குரல் இருக்கிறது. பக்கத்தில் பொறுப்பாளர் இல்லை. குறிசொல்லி மறைந்து நின்ற பழங்காலம் புதுவேடம் பூண்டு வந்திருக்கிறது.

எனவே, குழந்தைகளுக்குப் பொம்மைப் பேச்சைக் காட்டுங்கள், சிரிக்க விடுங்கள். சிரித்து முடித்தபின், “இதைப் பேசியவர் யார்?” என்று அவர்களைக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, எந்தக் குரலுக்கும் எளிதில் ஏமாறாது.