சான்றிதழுக்கு முன் சுயமதிப்பீடு
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் சிறுதொழில் நடத்துகிறோம். லேத், பவுண்டரி, பம்ப் உதிரிபாகம் என்று இருபது, முப்பது பேரோடு ஓடுகிற பட்டறைகள். பெரிய கம்பெனியில் ஆர்டர் கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "ஐ.எஸ்.ஓ. 9001 இருக்கா?" என்பதுதான். உடனே ஒரு கன்சல்டன்ட்டைப் பிடிக்கிறோம். ஆறு மாத ரிஜிஸ்டர் ஒரே வாரத்தில், ஒரே பேனாவில் எழுதி முடிக்கப்படுகிறது! சான்றிதழ் சுவரில் ஏறிவிடும். ஸ்கிராப் மட்டும் குறையாது. மறுவருடத் தணிக்கையில் குட்டு வெளிப்பட்டால் ஆர்டரும் போச்சு, முப்பது குடும்பங்களின் சம்பளமும் போச்சு.

இதற்கு நல்ல வழி, யாரும் கட்டாயப்படுத்தாமல் நாமே செய்துகொள்ளும் படிநிலை மதிப்பீடு. ஐ.எஸ்.ஓ. 9004 என்ற வழிகாட்டிக்குச் சான்றிதழே கிடையாது. ஆனால் அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து நிலைகள் கொண்ட சுயமதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது. 'பாஸா, ஃபெயிலா' என்று கேட்காமல், 'எந்தப் படியில் நிற்கிறாய்?' என்று கேட்கும்.

நம் நாட்டில் 2016இல் மத்திய அரசு 'ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பொருளில் குறை கூடாது, சுற்றுச்சூழலுக்குக் கேடு கூடாது என்று அர்த்தம். 2022இல் அதை எளிமையாக்கி வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளாக்கினார்கள். வெண்கலத்துக்கு 5 அளவுகோல், வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20. தலைமை, சுத்தமான பணியிடம், பாதுகாப்பு, குறித்த நேரத்தில் டெலிவரி, தர மேலாண்மை ஆகியவையே அந்த முதல் ஐந்து. கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 என்று மானியமும் அறிவித்தார்கள்.

டெலிவரியையே எடுத்துக்கொள்வோம். "நாங்க எப்பவும் கரெக்டா கொடுத்துடுவோம் சார்" என்றார் எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளி ஒருவர். மூன்று மாத ஆர்டர்களையும் டெலிவரி சலான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாதிக்கு மேல் தாமதம்! காரணம் மெஷின் இல்லை. ஹீட் டிரீட்மென்ட்டுக்கு வெளியே போன சரக்கு எப்போது திரும்பும் என்று யாருமே குறித்து வைக்கவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டார். பிறகு ஐ.எஸ்.ஓ. தணிக்கைக்கு வந்தவர் ஆதாரம் கேட்டபோது, எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டைத்தான் நீட்டினார். தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நமக்கு நாமே மார்க் போட்டால் கை தாராளமாகிவிடும். ஆகவே முதலாளி, சூப்பர்வைசர், மெஷின் ஆபரேட்டர் மூவரும் தனித்தனியாக மார்க் போடட்டும். எங்கே மூன்றும் ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் வேலை இருக்கு. இன்னொன்று: இந்த மதிப்பீடு நம் விருப்பம், தொழிற்சாலைகளுக்கான சட்ட விதிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் விருப்பம் அல்ல.

மாணவர்களே, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எங்கெங்கோ அலைய வேண்டாம். இங்கே அமர்ந்திருக்கும் அண்ணன், அக்காக்களின் பட்டறைக்கு வாருங்கள். ஐந்தே ஐந்து அளவுகோல்களை அளந்து, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். உங்களுக்குப் படிப்பு, எங்களுக்குப் பிழைப்பு!