சட்டமா? சாட்சியா? – சாட்சியே!



நியாயத்தை நிலைநாட்டுவது சட்டமா, சாட்சியா? இதுதான் கேள்வி. எதிரணி நண்பர், "சட்டம்தான் எளியவனுக்குக் கோட்டை"ன்னு அடிச்சுச் சொன்னார். கேட்க நல்லாத்தான் இருந்தது. அந்தக் கோட்டைக் கதவு 74 நாள் மூடிக் கிடந்த கதையை இப்போ நான் சொல்றேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். பிரன்ஸ்விக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. 2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை மதியம். அஹ்மத் ஆர்பரி என்ற 25 வயது கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டு போகிறார். வழியில் பாதி கட்டி நிற்கிற ஒரு வீடு. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து திரும்பவும் ஓடுகிறார். முன்பும் சில தடவை அங்கே வந்து பார்த்திருக்கிறார். காமிராவில் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு ஆணியைக்கூட எடுத்ததாக எந்தக் காட்சியிலும் இல்லை.

அவர் ஓடுவதை ஒரு வெள்ளைக்காரத் தகப்பனும் மகனும் பார்த்தார்கள். திருடன்னு முடிவு பண்ணிட்டாங்க. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டியில் துரத்தினார்கள். அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். அவர் துரத்திக்கொண்டே செல்போனில் படமும் எடுத்தார். ஐந்து நிமிஷத் துரத்தல். கடைசியில் மகன் துப்பாக்கியோடு வண்டியை விட்டு இறங்கினார். மூன்று முறை வெடித்தது. பிள்ளை நடுரோட்டில் விழுந்து செத்துப் போனான். அவனிடம் கத்தி இல்லை, கம்பு இல்லை, ஒரு செல்போன்கூட இல்லை.

சுட்டவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் துப்பாக்கியைப் பிடுங்க வந்தான். என்னைக் காப்பாத்திக்கச் சுட்டேன்." தற்காப்பாம்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் கும்பிட்ட சட்டம் அன்றைக்கும் இருந்ததா இல்லையா? இருந்தது. போலீஸ் வந்தது. அன்றைக்கு ஒருத்தரையும் கைது செய்யவில்லை. முதல் அரசு வழக்கறிஞர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். ஏன்னா, அந்தத் தகப்பன் அவருடைய அலுவலகத்திலேயே புலனாய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது வழக்கறிஞர், கைது செய்ய முகாந்திரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரும் விலகினார். எதை வைத்து எழுதினார்? சட்டத்தை வைத்துத்தான்! குற்றவாளியைப் பொதுமக்களே பிடிக்கலாம் என்று 1863-இல், அடிமை முறை இருந்த காலத்தில், அந்த மாநிலம் எழுதி வைத்த சட்டம். (கைதட்டல்)

மகனைப் பறிகொடுத்த தாய் வாண்டா கூப்பர் ஜோன்ஸ். "உன் மகன் திருடப் போன இடத்தில் வீட்டுக்காரர் சுட்டுவிட்டார்" என்றுதான் முதலில் தன்னிடம் சொன்னார்கள் என்கிறார் அவர். பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்! சுட்டவன் வாய் பேசுகிறது. செத்தவன் வாய் மூடிக் கிடக்கிறது. அப்போ யார் பேசணும்? சாட்சி பேசணும்!

பேசியது. மே 5-ஆம் தேதி அந்தச் செல்போன் படம் வெளியே வந்தது. கொடுத்தது யார்? துரத்தியவர்களோடு ஆலோசனை பேசியிருந்த ஒரு வழக்கறிஞரே உள்ளூர் வானொலிக்குக் கொடுத்தார். நாடே பார்த்தது, கொதித்தது. மே 7-ஆம் தேதி தகப்பனும் மகனும் கைது. அதே மாதம் 21-ஆம் தேதி, படம் எடுத்தவரும் கைது.

கவனிங்க, அந்த 74 நாளில் சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறலை. சாட்சி வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவுதான் மாற்றம்!

2021-இல் வழக்கு நடந்தது. 12 ஜூரர்கள், அதில் கறுப்பர் ஒரே ஒருவர். கூண்டில் ஏறிய மகனை அரசுத் தரப்பு கேட்டது. ஆயுதம் காட்டினானா? இல்லை. மிரட்டினானா? ஒரு வார்த்தை பேசலை. பிறகு எதிலிருந்து தற்காப்பு? இரண்டு வண்டி துரத்த, எதிரே துப்பாக்கி நிற்க, ஓடி ஓடிக் களைத்தவன் அந்தத் துப்பாக்கியைப் பிடித்தால், ஐயா, அதுதானே தற்காப்பு! வம்பை ஆரம்பித்தவனுக்கு அந்தப் பேரைச் சொல்ல உரிமை ஏது? (பலத்த கைதட்டல்)

நவம்பர் 24-ஆம் தேதி, மூவருமே கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மூவருக்கும் ஆயுள் தண்டனை. தகப்பனுக்கும் மகனுக்கும் பரோலே கிடையாது.

"நிறத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எதிரணியில் கேட்கலாம். அதற்கும் சாட்சி இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தனி வழக்கு நடத்தியது. கறுப்பர்களை இழிவுபடுத்தி அவர்கள் அனுப்பிய செய்திகளும் எழுதிய பதிவுகளும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. நிறவெறியால் செய்த குற்றம் என்று பிப்ரவரி 22-இல் தீர்ப்பானது. அவன் செத்து இரண்டு வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி.

நமக்கு இது புதுசா? கோவலனைத் திருடன் என்று விசாரிக்காமல் வெட்டினார்கள். பாண்டியன் அவையில் சட்டம் இல்லையா? இருந்தது. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டிய பிறகுதானே மன்னனுக்கு உண்மை விளங்கியது! சட்டமே திருந்தியதும் சாட்சியால்தான். அந்த 1863 சட்டத்தை ஜார்ஜியா 2021-இல் நீக்கியது.

கடைசியாக ஒன்று. இந்தப் படம் போலீஸ் கைக்குப் பல வாரம் முன்பே போயிருந்தது. பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. சாட்சி பெட்டிக்குள் இருந்தால் அது வெறும் பொருள். எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் அது சாட்சி. எல்லாத் தெருவிலும் காமிரா இருக்காது, தாய்மார்களே. ஆனால் எல்லாத் தெருவிலும் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்குப் பின்னால் நாம் இருக்கிறோம். 'நமக்கேன் வம்பு'ன்னு அதைச் சாத்துகிற கைதான், செத்தவனுக்கு இருந்த கடைசிச் சாட்சியையும் கொல்லுகிறது.

எனவே, நியாயத்தை நிலைநாட்டுவது சாட்சியே, சாட்சியே என்று கூறி அமர்கிறேன்.