பிரித்துக் கட்டிய வீடு



இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் 'பேலீஃப்' என்று ஒரு குடியானவர் வீடு. சுமார் 600 வருஷத்துக்கு முந்தியது. பாரத்தைத் தாங்குவது ஓக் மரச்சட்டங்கள்தான். இடையில் மிலாறு பின்னி மண் அப்பிய சுவர். கூடத்தின் நடுவில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத்தான் போகும்.

1960-களில் அங்கே நீர்த்தேக்கம் வந்தது. வீடு இருக்க முடியாத நிலை. 1968-69-ல் சட்டங்களைப் பிரித்தார்கள். சசெக்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். எப்படி முடிந்தது? துளையில் கழுந்து செருகி, மர ஆணி அடித்த வேலை. ஆணியைத் தட்டினால் மூட்டு கழன்றுவிடும்.

நீங்களும் பழைய வீட்டைப் பிரிக்கிறீர்களா? அவசரப்பட்டு ரம்பம் வைக்காதீர்கள். ஒவ்வொரு மரத்திலும் முதலில் எண் போடுங்கள். பிறகு மூட்டைக் கழற்றுங்கள். மரம் வீணாகாது.