பழைய கைலியில் முதல் விரிப்பு

(நமது அறக்கட்டளையின் மகளிர் தையல் வகுப்பில் புதிய பிரிவு தொடங்கிய அன்று பயிற்சி ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்)



இதுவரை இந்த வகுப்பில் பிளவுஸ், சுடிதார், பர்தா, பள்ளிச் சீருடை இவைதான் சொல்லிக்கொடுத்து வந்தோம். இந்த முறை பேர் கொடுக்க வந்தவர்களில் பலர் வேறொன்று கேட்டீர்கள். "டீச்சர், பேரப்பிள்ளைக்கு ஒரு ரஜாய் தைக்கணும், அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க" என்றீர்கள். சிலர் போனில் வீடியோ கூட எடுத்து வந்து காட்டினீர்கள்.

அந்த வீடியோக்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குளிர் நாட்டுச் சாமான். கீழே ஒரு புதுத் துணி, நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு, மேலே கடையில் வாங்கிய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி மிஷினில் ஒட்டிய இன்னொரு அடுக்கு. இங்கே மே மாதம் கரன்ட் போன ராத்திரியில் அதை யார் போர்த்திக்கொள்வது? துவைத்தால் பக்கெட்டில் அடங்காது. நம் வீட்டுக்கு வேண்டியது போர்வை கூட இல்லை. பாயின் மேல் விரிக்க, தொட்டிலில் போட, வந்த விருந்தாளிக்குத் தரையில் போட்டுக் கொடுக்க, மடித்தால் ஒரு கையில் அடங்குகிற மெல்லிய விரிப்பு.

மழையையும் நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் ஒரு தடவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இன்னொரு தடவை. தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாகக் குவிந்து கிடந்தவை என்ன? இலவம்பஞ்சு மெத்தைகள். ஒரு தடவை வெள்ளத்தில் ஊறிய மெத்தையைத் தூக்க நாலு பேர் வேண்டும், காயப் பத்து நாள் வேண்டும், காய்ந்தாலும் நாற்றம் போகாது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்தது. எண்ணெய் ஊறினால் நான் சொல்லும் விரிப்பும் பாழ்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் தண்ணீர் வாசலுக்கு வரும்போதே ஐந்து விரிப்புகளை மடித்துப் பரணில் போட்டுவிடலாம். மெத்தையைப் போட முடியாது. வெறும் தண்ணீரில் நனைந்ததென்றால் இரண்டு வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. உருது பேசும் வீடுகளில் குத்ரி என்பார்கள். மராத்திக்காரர்கள் கோதடி என்கிறார்கள். வங்காளத்தில் இதற்குப் பெயர் காந்தா. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைப்பார்கள். முஸ்லிம் வீடுகளிலும் இந்து வீடுகளிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது.

நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவது கர்நாடகத்து முறை. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டுக் கிராமங்களில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். சித்தி என்றதும் சின்னம்மாவை நினைக்காதீர்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். அவர்களில் முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு. அந்தப் பெண்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். கீழே ஒரு பழைய சேலை, மேலே கிழிந்த துணிகளின் துண்டுகள். அச்சு, அளவு, பென்சில் கோடு ஒன்றும் கிடையாது. ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். அது இல்லாவிட்டால் விரிப்பு முடிந்ததாகவே அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் தடவை தைப்பவருக்கு இந்த முறைதான் தோது. காரணம், துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. சதுரம் கோணலானால் பக்கத்துத் துண்டு அதை மறைத்துக்கொள்ளும். வெட்டுவதில் கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம்.

துணிக்கு வருவோம். அத்தாவின் பழைய கைலி, அம்மாவின் பழைய நூல் சேலை, இவை இரண்டும் போதும். கைலியில் மூட்டிய தையலைப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணி கிடைக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து தேயும் பாகம் நடுவில்தான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இழை விலகிச் சல்லடை மாதிரி தெரிகிற இடத்தை வெட்டி எறியுங்கள், மிச்சம் நல்ல துணி. நைலக்ஸ், பாலியெஸ்டர், சரிகை எதுவும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, குழந்தையின் தோலில் உரசும். துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் போட்டுப் போகும் கனத்த யூனிபார்மை முதல் விரிப்பில் சேர்க்காதீர்கள். நாலு அடுக்குக்குள் அது ஒன்று புகுந்தால் ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும்.

புதுத் துணி வாங்கி வெட்டாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் சாயம். நம் பக்கத்து வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததே கம்பெனிக்காரர்கள் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால்தான். மெட்ராஸ் கட்டம் போட்ட துணி இங்கிருந்து உலகமெங்கும் போனது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் அந்தத் துணியில் தைத்த சட்டைகள் துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டன. சண்டைக்கு வந்தார்கள். கடைசியில், சாயம் போவதுதான் அசல் மெட்ராஸ் என்று விளம்பரம் செய்தே விற்றுவிட்டார்களாம்! வியாபாரிக்கு அது சரி. பச்சைப் பிள்ளையின் விரிப்பில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. பத்து வருஷம் துவைத்த கைலியில் விடுவதற்குச் சாயம் மிச்சம் இருக்காது. இருந்தாலும் ஈர வெள்ளைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

அளவு இரண்டரை அடிக்கு மூன்று அடி. அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம். முதலிலேயே கட்டில் அளவுக்கு ஆரம்பித்தவர்கள் பாதியில் மூட்டை கட்டிப் பீரோவுக்கு மேல் வைத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சேலைத் துணியைத் தரையில் விரித்து உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். ஓரங்களில் மடிக்க ஒரு அங்குலம் விடுங்கள். அதன் மேல் கைலித் துணி ஒரு அடுக்கு, மெலிதாக இருந்தால் இரண்டு. இந்த அடுக்குகளைப் பெரிய பெரிய இழையாக ஓட்டிப் பிடித்துவையுங்கள். சித்திப் பெண்கள் இப்படிச் செய்வதில்லை, அவர்கள் கைப்பழக்கம் அப்படி. நமக்கு வேண்டும். பிறகு மூலையில் முதல் துண்டை வையுங்கள். அடித் துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, துண்டின் ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்த ஓட்டுத் தையல் போடுங்கள். மூலைக்கான முக்கோணத்தையும் அப்போதே அந்த மடிப்புக்குள் செருகிவிடுங்கள். அடுத்த துண்டை முதல் துண்டின் ஓரம் மறைகிற மாதிரி வையுங்கள். இப்படியே ஒரு சுற்று. அடுத்த சுற்று ஒரு விரற்கடை உள்ளே.

தையல் ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம். சின்னதாகத் தைக்க ஆசைப்பட வேண்டாம், ஒரே மாதிரி வந்தால் போதும். நூலை இரட்டையாகக் கோத்த பிறகு ஒரு முழம் நீளம்தான் இருக்க வேண்டும். நீள நூல் சீக்கிரம் முடியும் என்று நினைப்போம், அது சிக்குத்தான் விழும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவில் இழுத்து மறைத்துவிடுங்கள். நடுவிரலுக்கு உலோகத் தொப்பி போட்டுப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் இடைஞ்சலாக இருக்கும், மூன்றாம் நாள் அது இல்லாமல் தைக்க முடியாது.

இழுத்துத் தைத்தால் துணி சுருங்கும். ஒரு நூல் முடியும்போதெல்லாம் தரையில் போட்டு நீவிவிடுங்கள். உள்ளே போகப் போக நடுவில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். உப்பலை விரலால் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். நடுத் துண்டை மட்டும் முன்கூட்டி வெட்டிவைக்காதீர்கள். கடைசியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதோ அதைப் பார்த்து வெட்டுங்கள்.

ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பிள்ளை படுக்கும் இடம். பொத்தான், ஜிமிக்கி, கண்ணாடி எதையும் அழகுக்கென்று தைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு இதைக் கீழே விரிக்கத்தான் வேண்டும், முகத்தருகே போர்த்திவிடக் கூடாது.

ஒரு சகோதரி கேட்டார், "மிஷினில் அடித்தால் ஒரே நாளில் முடியாதா?" என்று. ஓரத்தை அடிக்கலாம். நடுவில் தைக்க வேண்டுமானால் விரிப்பு முழுவதையும் சுருட்டி மிஷின் கைக்கு அடியில் நுழைக்க வேண்டும். நம் வீட்டு மிஷினில் அந்த இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது. ஒன்று கையால் முடியுங்கள், பிறகு மிஷினைப் பற்றிப் பேசலாம்.

இப்போது காசு விஷயம். இதைச் சுயதொழிலாக்கி, விற்றுக் கொடுக்கலாமே என்று நம் சகோதரர்கள் சிலர் நல்லெண்ணத்தில் சொன்னார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்றடி நீளம் என்றால் 36 அங்குலம். அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தால் 30 வரிசை. மொத்தம் 1080 அங்குலத் தையல். நிமிடத்துக்கு ஒன்றரை அங்குலம் என்றால் 720 நிமிடம், 12 மணி நேரம். துணியை வெட்டுவது, நீவுவது, நூல் கோப்பது தனி. அதை 500 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 42 ரூபாய் கூட வராது. பர்தா தைத்தாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 2004இல் சித்திப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விற்க ஆரம்பித்தபோது ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கூட நின்றார், வெளிநாட்டில் வாங்குவோர் வரை வழி திறந்தது. வாங்குபவர் யார் என்று தெரியாமல் இதற்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். அறக்கட்டளையும் இதற்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து, நிர்வாகிகளிடமும் சொல்லிவிட்டேன். பிழைப்புக்குத் தையல் வேண்டுமென்றால் மிஷின் வகுப்புக்கு வாருங்கள். மிஷின் இல்லாத விதவைச் சகோதரிகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு மனு எழுத நம் அலுவலகத்தில் உதவி செய்வார்கள்.

பிறகு ஏன் இதைக் கற்க வேண்டும்? ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணவர் லாரி ஓட்டியவர், விபத்தில் மௌத்தாகிவிட்டார். நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டில் இருந்தார். பார்க்கப் போனபோது பேச்சே இல்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய கைலிகளும் சட்டைகளும் ஒரு பையில் இருந்தன. ஏழைக்குக் கொடுக்கவும் மனசில்லை, பீரோவில் வைக்கவும் மனசில்லை. "தைக்கலாமா?" என்று கேட்டார். மௌத்தானவரின் துணியும் வாரிசுச் சொத்துதான், மாமியாரிடமும் வளர்ந்த மகனிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டார், ஒத்துக்கொண்டார்கள். லுஹருக்குப் பிறகு அஸர் வரை தினமும் தைத்தார். முதல் ஒரு வாரம் தையல் கோணல்மாணலாகத்தான் வந்தது. பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று மாமியாருக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று தனக்கு என்று மூன்று விரிப்பு. மாமியார் அதன் மேல்தான் இப்போது படுக்கிறார்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியான கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் அவர் வயலுக்குப் போட்டுப்போன துணிகளையே வெட்டி ஒரு விரிப்புத் தைத்தார். வெளுத்துப்போன முழங்கால் பாகங்கள், கறைகள் எல்லாம் அதில் அப்படியே தெரியும். அவ்வூர்ப் பெண்களின் விரிப்புகளை 2002இல் நியூயார்க்கில் பெரிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். எர்ணாவூர்ச் சகோதரி இதையெல்லாம் கேள்விப்பட்டவர் இல்லை.

ஆண் பிள்ளைகளையும் கூட உட்காரவையுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) சொன்னதை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம். ஊசியில் நூல் கோக்க நம்மைவிட அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பகல் வெளிச்சத்தில். இரண்டு வாரத்தில் முதல் விரிப்பு முடியும், இன்ஷா அல்லாஹ். வரும் சனிக்கிழமை வரும்போது துவைத்துக் காயவைத்த பழைய கைலி இரண்டு, நூல் சேலை ஒன்று, தையல் பிரித்து, கொண்டு வாருங்கள். கத்தரிக்கோல் இங்கே இருக்கிறது. ஊசியும் நூலும் அறக்கட்டளை தரும். பழைய கைலி இல்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், அலுவலகத்தில் ஒரு மூட்டை சேர்த்து வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.